கதவடைப்புக்கு முந்தின நாள்

ஐப்பசித் திங்கள், ஏரிக்கரையில் வெள்ள முரசு விடியலில் அறையப்பட்ட நாள்.

மழை அளவாய்ப் பெய்க. கரை நிற்க.

ஆவரம்பூ முடியணிந்த ஆவரை நாட்டரசர் வெண்ணிலங்கோவின் ஆணைப்படி, நீர்த்துறை அமைச்சர் மருதன் எயினனார், வடகரைத் தொகுப்புக்கூடத் தலைவர் பூதங்கண்ணனாருக்கு விடுத்த ஓலை. கூடத்துக்கும் அதன் நிரலர் அனைவருக்கும் நலம் உண்டாகுக. அமைச்சருக்கு நலம் இல்லை.

ஓலை ஏன் வருகிறது என்று கூடத்தார் வியக்கக்கூடும். அமைச்சர் முதலில் மின்னஞ்சல்தான் விடுத்தார். கதவடைப்பு முடிந்தபின் பார்க்கப்படும் என்று பொறி விடை தந்தது. மறுபடி விடுத்தார். அதே பொறி, அதே விடை. ஓலைக்கு அவ்வாறு விடை சொல்லும் பொறியைக் கூடம் இன்னும் ஆக்கவில்லை. இதைக் கொண்டுவரும் குதிரைவீரர் பூதங்கண்ணனாரின் கையெழுத்தைப் பெறாமல் வாசலைவிட்டு நகரமாட்டார்.

நாட்டின் மதகுகளிலும் களஞ்சியங்களிலும் உள்ள கணினிகள் யாவும் கூடம் ஆண்டுதோறும் வெளியிடும் ஆவரை லினக்ஸ் என்னும் இயங்குதளத் தொகுப்பில் ஓடுகின்றன. வெளியீட்டுக்கு முன் கதவடைப்பு முரசு அறையப்படும். அதன்பின் திருத்தம் நுழையலாம், புதியது நுழையலாகாது. அடைத்த தொகுப்பு அன்றே முதலில் மதகுகளுக்கு வரும். நல்ல மரபு. இளமையில் அக்கூடத்தில் பணிசெய்த அமைச்சர் அம்முரசைத் தம் கையால் அறைந்தவர்.

மதகைத் திறந்து மூடும் மடைவாய் என்னும் நிரல் இன்னும் தவழும் பருவத்தது. அதன் பதிப்பெண் பூச்சியத்தில்தான் தொடங்குகிறது. எப்போது, எவ்வளவு திறப்பது என்று அதற்குச் சொல்லும் அமைப்புக் கோப்பின் வடிவைக் கூடம் தலைகீழாக மாற்றியதற்கு அமைச்சர் சினக்கவில்லை. இளைய நிரல் உடையும். உடைந்துதான் வளரும். சென்ற வெளியீடு முடிந்த கையோடு, ஏரி வறண்டு கிடந்த கோடையில் உடைத்திருந்தால், யாரும் முகம் சுளித்திருக்கமாட்டார்கள். சரிசெய்ய ஒரு பருவம் முழுதும் இருந்தது. கூடமோ கோடையெல்லாம் சும்மா இருந்துவிட்டு, கதவடைப்புக்கு முந்தின நாள் உடைத்தது. இன்னோர் ஆண்டு காத்திருக்க மனமில்லாமல், பழைய கோப்பைப் படிக்கத் தெரியாத நிரலை முரசுக்கு முன் அவசரமாய் உள்ளே தள்ளியது. மறுநாள் கதவை அடைத்தது.

பழைய கோப்பே உள்ள குறும்பலூர்ப் பேரேரி மதகு அன்றிலிருந்து அசையவில்லை. கையால் திருகித் திறக்கும் சக்கரத்தைக் கழற்றிவிடலாம் என்று கோடையில் அறிவுரை சொல்லி, கழற்றியதை எடுத்துப்போனதும் இதே கூடம்தான். மதகுக் காவலர் செங்கோதையார் மணல்மூட்டை அடுக்கிக்கொண்டிருக்கிறார். கரையின் கீழ் அவர் தெரு இருக்கிறது.

செங்கோதையார் நேரில் அனுப்பிய தூதரிடம் கூடம் சொல்லியனுப்பியவை அமைச்சருக்கு எட்டின. பூச்சியப் பதிப்பு பழையபடியே ஓடும் என்று எவருக்கும் எந்த வாக்கும் தரவில்லையாம். பழைய கோப்பையும் படிக்கவைக்கும் திருத்தம் ஆயத்தமாய் இருக்கிறதாம். ஆனால் அது திருத்தம் அன்று, புதுவசதியாம். ஆகவே கதவடைப்பில் நுழையாதாம். உடைத்ததற்குத் திறந்திருந்த கதவு, ஒட்டுவதற்கு மூடியிருக்கிறது. இதை மரபு என்று சொல்ல நா கூசவில்லையா? மரபைக் காக்கக் கூடத்துக்கு அத்தனை அக்கறையென்றால், முந்தின நாள் அந்த அக்கறை எங்கே போயிருந்தது? வாக்குத் தராத நிரலை மதகில் ஏற்றியது யார்?

ஆகவே ஆணை. இவ்வோலை கண்டவுடன் அத்திருத்தம் தொகுப்பில் ஏறுக. கழற்றிய சக்கரம் கூடத்தின் வண்டியில், கூடத்தார் துணைவர, குறும்பலூருக்குப் புறப்படுக. இனி இளைய நிரலைப் புரட்டிப்போட விரும்புவோர் வெளியீடு முடிந்த மறுதிங்களில் புரட்டுக. அத்திங்கள் தவறினால் அடுத்த ஆண்டுவரை பொறுக்க. மீறியவர் தம் நிரல் ஓடும் மதகின் கீழே, அந்த மழைக்காலம் முழுதும் குடியிருக்கக் கடவர்.

நீர்த்துறை முத்திரை சிவப்பரக்கில் இடப்பட்டது. நீர் இறங்கிய பின்னும் இவ்வாணை நிற்க.

முத்திரையின் கீழே ஒன்று. அரக்கு காயுமுன் செங்கோதையார் தொலைபேசியில் அழைத்தார். அவர் கேட்டதற்குக் கூடத்தாரே விடை சொல்லட்டும் என்று, அவர் பேச்சாகவே எழுதப்படுகிறது:

“ஐயா, தண்ணி செங்கல்லு மட்டத்தத் தாண்டிருச்சு. இனி கரைய வெட்டுனாத்தான் மத்த ஊரு தப்பும், வெட்டுனா மொதல்ல எங்க தெருதான் போகும். அந்தக் கூடத்துக் கதவு எப்ப தெறக்கும்னு சொல்லுங்க, நான் மம்முட்டிய எடுக்கவா, வேணாமா?”