லில்லி டீச்சர் நிதியின் முதல் மாணவி

என் லில்லியக்காவுக்கு,

உன் பெயரில் கல்வி நிதி தொடங்கிவிட்டோம். முப்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் பாடம் சொல்லி, சாயங்காலம் பிள்ளைகளைத் திடலில் ஓடப் பழக்கியவளுக்கு உன் பழைய மாணவர்கள் செய்யும் மரியாதை. சந்தோஷமான கடிதமாகத்தான் எழுத நினைத்தேன். முடியவில்லை.

இடைநிலைப்பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளைக்கு ஐந்து வருடம் உதவி. ஒரே நிபந்தனை, வருடாவருடம் மாவட்டப் போட்டியில் ஓட வேண்டும். டீச்சர் இருந்தால் அதைத்தான் கேட்பார் என்றான் குழுத் தலைவன் மோகன். எல்லாரும் கை தட்டினோம். நானும்தான்.

ஈப்போவில் தேர்வு ஓட்டம் வைத்தோம். சித்தியவான் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த யாழினி முதலில் ஓடி முடித்தாள். பன்னிரண்டு வயது. தண்ணீர் கொடுக்கத் தேடினால் ஆளைக் காணோம். கழிவறைச் சுவருக்குப் பின்னால் குந்தியிருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"அடிக்கடி இப்படி வருமாம்மா?"

"ஓடினா மட்டும்தான் அங்கிள். அப்பாகிட்ட சொல்லாதீங்க. ஓடலன்னா இது கிடைக்காதுலா."

இந்தப் பேச்சை நான் முன்பே கேட்டிருக்கிறேன். ஈப்போ பக்கத்துக் குனோங் ராபாட்டில், என் காரில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னாய்: "யார்கிட்டயும் சொல்லாத தம்பி. பிள்ளைங்க சுக்கான் ஓட்டப்போட்டி முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." போட்டிக்கு ஒன்பது நாள் இருந்தது. நான் சொல்லவில்லை. ஆறாம் நாள் திடலிலேயே விழுந்தாய்.

இந்த முறையும் "சரி" என்றுதான் சொன்னேன், அக்கா. ஏன் அப்படிச் சொன்னேன்? மூன்று நாள் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நான்காம் நாள் அவள் அப்பா முனியாண்டிக்குப் போன் செய்து, உதடு நீலம் பாய்ந்ததைச் சொன்னேன்.

"நல்லா ஓடுற புள்ள அண்ணே. வேற யாருக்காச்சும் கொடுக்கணும்னா நேரா சொல்லுங்க," என்றார்.

நீ எப்படிப் போனாய் என்று சொன்னேன். "நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரேன்," என்றார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் இதயத் துடிப்புத் தாளை இரண்டு முறை பார்த்தார். பிறகு இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். புதன்கிழமை நிபுணர் பார்ப்பார், அதுவரை ஓடவே கூடாது என்றார்கள். யாழினி என் முகத்தைப் பார்க்கவில்லை.

நேற்று குழுவில் நிபந்தனையை எடுக்கச் சொன்னேன். "ஓடாத புள்ளைக்கு டீச்சர் பேருல நிதியா?" என்றான் மோகன். அப்போதுதான் உன் ரகசியத்தை வெளியே சொன்னேன்.

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா அண்ணே?"

ஆமாம் என்றேன். நிபந்தனையை அடித்துவிட்டார்கள். மோகன் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிப் போனான்.

இன்று விடிந்ததும் முனியாண்டி போன். "படுக்கையில ஆளில்ல அண்ணே. ஓடுற சப்பாத்தும் காணோம். ஓட வேணாம், நிதி உனக்குத்தான்னு நேத்தே சொன்னேன், நம்பலையே."

செம்பனைக் காட்டுப் பாதையில் அவளை மயங்கிக் கிடக்கக் கண்டார்கள்.

இதைச் சித்தியவான் பக்கத்து ஆஸ்பத்திரியில், அவசரப் பிரிவுக்கு வெளியே உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் முனியாண்டி அவள் சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறார். சற்று முன்புதான் நர்ஸ் வந்து சொன்னாள்: நினைவு வந்துவிட்டது, ஆனால் துடிப்பு நிலையாக இல்லை, ஈப்போவுக்கு மாற்ற வேண்டும். ஒரு நிமிடம் உள்ளே விட்டார்கள்.

"ஏன் அங்கிள் சொன்னீங்க?"

"ஒரு தடவ சொல்லாம இருந்தேன்மா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்னை வெறுக்கிறாளா? வெறுக்கட்டும், உயிரோடு இருந்து வெறுக்கட்டும்.

ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, அக்கா. பின்னாலேயே போகிறேன். டாக்டர்கள் சொல்வது நல்லதோ கெட்டதோ, அவளிடம் ஒளிக்க மாட்டேன். நீயே திரும்பி வந்து கெஞ்சினாலும் இனி எதையும் ஒளிக்க மாட்டேன்.

உன் சொல்லைக் காத்து உன்னை இழந்த தம்பி,
சேவியர்