ரத்தம் என்ன நிறம்?

என் மயக்க டாக்டருக்கு,

போன வாரம் விழுப்புரத்தில் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. ஊரில் பாதிப் பேருடைய குடலிறக்கத்தைத் தைத்தவனுக்கே கடைசியில் அது வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் ஒரு மாதம் வைத்துக் கேலி செய்திருப்பாய். முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போன பிறகு, மயக்க மருந்து கொடுக்க வந்த பெண் என் விரலில் ஆக்சிஜன் அளக்கிற அந்தக் கிளிப்பை மாட்டினாள். டுங், டுங் என்று சத்தம் ஆரம்பித்தது. நின்றுகொண்டு ஆயிரக்கணக்கான தடவை கேட்ட சத்தம்தான். படுத்துக்கொண்டு கேட்டது இதுதான் முதல் தடவை.

உனக்குத் தெரியாததா? ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் அந்தச் சத்தத்தின் சுருதி இறங்கிக்கொண்டே வரும். அறையில் இருக்கிற அத்தனை பேர் காதிலும் விழும். அதற்குக் கோபதாபம் கிடையாது. யாரோடும் பேச்சை நிறுத்திக்கொள்ளாது. அப்படி நினைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வலிக்கிறதா சார் என்று அந்தப் பெண் கேட்டாள். இல்லை, பழைய ஞாபகம் என்றேன்.

எண்பதுகளில் நமக்கு ஏது கிளிப்? நோயாளியின் நெற்றிப்பொட்டில் உன் விரல். நெஞ்சில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிய ஸ்டெதஸ்கோப், அதிலிருந்து உன் இடது காதுக்கு ஒரு குழாய். இவ்வளவுதான் உன் கருவிகள். திண்டிவனத்தில் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் நாம் வேலை பார்த்த அந்த இருபது படுக்கை நர்சிங் ஹோம் இப்போது இல்லை. விழுப்புரத்திலிருந்து காலை பாசஞ்சரில் நீ வந்து இறங்கினால்தான் எனக்குக் கத்தியைக் கையில் எடுக்க முடியும். சாயங்காலம் அதே ரயிலில் திரும்புவாய். சட்டையெல்லாம் மயக்கத்துக்குக் கொடுக்கிற ஈதர் வாசனை அடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்துபோவதால் உனக்கு எப்போதும் காலை நீட்டிப் படுக்க இடம் கிடைத்துவிடும் என்று பெருமையாகச் சொல்வாய். இப்போது ஈதர் எங்கேயும் இல்லை. இன்றைய ஆபரேஷன் தியேட்டரில் ஒரு வாசனையும் இல்லை. எனக்கு அது என்னவோ போல் இருந்தது.

நோயாளியிடம் நீ கேட்கிற முதல் கேள்வியும் நினைவுக்கு வந்தது. வெறும் வயிறாக வரச் சொன்னால் நம் ஊரில் யார் கேட்பார்கள்? கத்திக்குப் போகிற உடம்பைப் பட்டினி போடலாமா என்று வீட்டில் கூழை ஊற்றிக் கொடுத்து அனுப்புவார்கள். சாப்பிட்டாயா என்று நாங்கள் கேட்டால் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்வார்கள். நீ அப்படிக் கேட்க மாட்டாய். தோளில் கை போட்டுக்கொண்டு, "காலையில கூழு யாரு கரைச்சிக் குடுத்தது, அம்மாவா, பொண்டாட்டியா?" என்பாய். "பொண்டாட்டிதாங்க. ஒரு சொம்புதாங்க சார்" என்று உண்மை வந்து விழும்.

நம் சண்டையும் அந்தச் சொம்புக் கேப்பைக் கூழில்தான் ஆரம்பித்தது. அனந்தபுரத்துக்காரர் ஒருவரை ஆபரேஷன் மேஜையில் ஏற்றியாகிவிட்டது. நான் கை கழுவி, கவுன் போட்டு நிற்கிறேன். நீ உன் கேள்வியைக் கேட்டாய், அவர் உண்மையைச் சொன்னார், நீ இன்றைக்கு முடியாது என்றுவிட்டாய். மயக்கத்தில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய் ஆளே போய்விடுவான் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் எனக்கு அவசரம். கோபம் வந்தால் என் நாக்குக்கு எலும்பு கிடையாது. எல்லோர் முன்னாலும், "மூஞ்சியில மூடிய வெச்சித் தூங்க வெக்கிறதுதான உன் வேலை? அதுக்கு இவ்ளோ பேஜாரு எதுக்கு?" என்றேன். நீ ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டாய்.

அதன் பிறகு பதினோரு நாள் நாம் பேசிக்கொள்ளவில்லை. வேலை மட்டும் நடந்தது. ஒரே மேஜையின் தலைமாட்டில் நீ, பக்கவாட்டில் நான், கை நீட்டினால் தொடலாம். நடுவில் பாவம் ஸ்டெல்லா சிஸ்டர். "சிஸ்டர், டாக்டர் ரெடியான்னு கேளுங்க" என்பேன். "சிஸ்டர், ரெடின்னு சொல்லுங்க" என்பாய். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ அந்த அம்மாள் கத்தரிக்கோலைத் தட்டில் டங்கென்று வைத்துவிட்டு, "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் டெலிபோன் எக்சேஞ்ச் நடத்திக்கினு இருக்கேன்" என்றார்கள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். முகமூடிக்குள் நீயும் சிரித்தாய் என்று உன் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. அப்போதாவது பேசியிருக்கலாம். முதலில் யார் பேசுவது என்பதில்தான் எல்லாமே நின்றது.

பன்னிரண்டாம் நாள் காலை வானூர்ப் பக்கத்திலிருந்து அந்தப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். தலைப்பிரசவம். ஒரு நாள் முழுக்க வலி கண்டும் இறங்கவில்லை, குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்துகொண்டே வந்தது. வளைகாப்பு முடிந்த கோலம் இன்னும் கலையவில்லை. முகம் நிறைய மஞ்சள், பத்து விரலிலும் மருதாணி, இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். பிள்ளை பிறக்கிறவரைக்கும் வளையலைக் கழற்றக் கூடாது என்று அவள் அம்மா காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். கழற்றியே ஆகவேண்டும் என்று நான் சத்தம் போட்டேன். நீ அந்த அம்மாவிடம், "ஒண்ணு கூட ஒடையாம நான் பாத்துக்குறேம்மா, போங்க" என்று சொல்லிவிட்டு, வளையல்களை மேலே தள்ளித் துணி சுற்றிக் கட்டினாய். அந்த நிதானம் எனக்கு அன்று எரிச்சலாக இருந்தது.

சிசேரியனுக்கு மயக்கம் கொடுத்தாய். தொண்டை வீங்கியிருந்தது. சிரமப்பட்டுத்தான் மூச்சுக்கான குழாயைப் போட்டாய். நெஞ்சில் காது வைத்துக் கேட்டாய், மூச்சுச் சத்தம் கேட்பதாகவே உனக்குத் தோன்றியது. ஆரம்பிக்கலாம் என்று சிஸ்டரிடம் சொன்னாய். ஆனால் குழாய் மூச்சுக்குழலுக்குள் போகவில்லை, உணவுக்குழலுக்குள் போயிருந்தது. அந்தக் காலத்தில் எப்பேர்ப்பட்ட கைக்கும் நடந்த தவறுதான். ஆக்சிஜன் போகாமல் நகமும் உதடும் நீலம் பாரிக்கிற நிறத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நீ எதைப் பார்ப்பாய்? நகத்தில் மருதாணி. முகத்தில் மஞ்சள். உதடோ பிளாஸ்திரிக்கு அடியில்.

நான் பார்த்தேன். இதைத்தான் உன்னிடம் கடைசிவரை சொல்லவில்லை. தோலை வெட்டியதுமே பார்த்தேன். வந்த ரத்தம் நாவல்பழச் சாறு போல இருந்தது. மூச்சு உள்ளே போகவில்லை என்று அர்த்தம், எனக்குத் தெரியும். வாய் வரை வந்தது. உன்னிடம் எப்படிப் பேசுவது என்று நிமிர்ந்து சிஸ்டரைப் பார்த்தேன். அவர்கள் குனிந்து எதையோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் வேலையை அவன் பார்த்துக்கொள்ளட்டும், எனக்கென்ன என்று ஒரு நினைப்பு ஓடியது. ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். அடுத்த அடுக்கை வெட்டினேன், அதற்கடுத்ததையும் வெட்டினேன். குழந்தையை வெளியே எடுத்தபோது அது துவண்டு, நீலம் பாரித்து என் கையில் கிடந்தது. அதற்கப்புறம்தான் பேசினேன். "டேய், ரத்தம் கறுப்பா இருக்குடா."

பதினோரு நாளுக்குப் பிறகு நான் உன்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. நீ ஒரு கேள்வி கேட்கவில்லை. குழாயை உருவினாய், அவள் முகத்தில் மூடியை அழுத்தி மூச்சுக் கொடுத்தாய், மறுபடியும் குழாய் போட்டாய். என் கண் முன்னாலேயே ரத்தம் மெல்ல மெல்லச் சிவந்தது. மூலையில் சிஸ்டர் தேய்த்துத் தேய்த்துக் குழந்தையை அழவைத்தார்கள். ஆனால் தாய் விழிக்கவில்லை. மருந்தின் வேகம் அடங்கியும் விழிக்கவில்லை.

நீ வெளியே போய், கட்டிட வேலைக்குப் போகிற அவள் புருஷனிடம், "மூச்சுக்குப் போட்ட குழாய் எடம் மாறிப் போச்சுப்பா. என் தப்புதான். புள்ள நல்லாருக்கு. அவங்க கண்ணு முழிக்கணும்" என்றாய். அந்தக் காலத்தில் எந்த டாக்டர் இப்படி வாய் விட்டுச் சொல்வார்? அவன் அடிக்க வருவான் என்று நினைத்தேன். அவன் கும்பிட்டான். நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். பாதித் தப்பு என்னுடையது என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. வாயே திறக்கவில்லை. உள்ளே வந்து கேஸ் ஷீட்டில், ரத்தம் கறுத்ததைக் கண்டு உடனே மயக்க டாக்டருக்குத் தெரிவித்தேன் என்று எழுதினேன். உடனே என்று எழுதினது பொய். நீ அதை வாங்கிப் படித்தாய். கொஞ்சம் அதிக நேரம் படித்தது போல் இருந்தது. பிறகு கீழே கையெழுத்துப் போட்டாய்.

மத்தியானம் முழுக்க அவள் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாய். சாப்பிடவில்லை. சாயங்கால பாசஞ்சரையும் விட்டுவிட்டாய். ரயில் கூவிக்கொண்டு போனபோதுகூட நீ நிமிரவில்லை. அது போய்க் கொஞ்ச நேரத்தில் அவள் கண் விழித்து, கையைத் தூக்கப் பார்த்து, "வளையலு ஒடையலையே?" என்று கேட்டாள். துணியை அவிழ்த்து ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினாய். நான் வெளியே ஓடி வந்து குழாயடியில் முகத்தைக் கழுவுவது போல் அழுதேன்.

பஸ் ஸ்டாண்டு வரை இருவரும் நடந்தோம். டீ வாங்கிக் கொடுத்தாய். அப்போது நீ சொன்னது எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. "என் மேல கோவம்னா வெளிய வெச்சிக்க. வருஷம் பூரா வெச்சிக்க. உள்ள வந்தா மட்டும், மொத வெட்டுல ரத்தம் என்ன நெறம்னு வாய் விட்டு சொல்லிடு. நான் கேட்டுச்சுன்னு சொல்றேன். அது போதும்."

உனக்குத் தெரியுமா, தெரியாதா? நான் முன்னமே பார்த்துவிட்டேன் என்று ஊகித்துத்தான் அப்படிச் சொன்னாயா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மறுநாளிலிருந்து நோயாளியின் வாயைத் திறந்து நாக்கைப் பார்க்கிற பழக்கத்தை நீ ஏற்படுத்திக்கொண்டாய். புத்தகம் எழுதினவனுக்கு வெள்ளைத்தோல், நம்ம ஜனத்துக்கு நாக்குதான் கணக்கு என்பாய். கறுத்த தோலில் விரல் கிளிப்கூடச் சில சமயம் நிலைமையை நல்லதாகவே காட்டிவிடுகிறது என்று இப்போது ஆராய்ந்து எழுதுகிறார்கள். படித்ததும் உனக்கு ஃபோன் செய்யக் கை போய்விட்டது.

நானும் நீ கேட்டதை விடவில்லை. முதல் வெட்டு விழுந்ததும், "நல்ல சிவப்பு" என்பேன். "கேட்டுச்சு" என்பாய். எத்தனையோ சண்டை போட்டோம். உன் பெண் கல்யாணத்துக்கு நான் தாமதமாக வந்ததற்கு ஒரு மாதம் முறைத்துக்கொண்டிருந்தாய். அந்த மாதம் முழுக்க நாம் பேசிக்கொண்டது இந்த இரண்டு வார்த்தைகள்தான். ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை.

நீ போவதற்கு முந்தின நாள் உன்னைப் பார்க்க வந்தேன். உன் தொண்டையில் குழாய், பக்கத்தில் வென்டிலேட்டர். பேச முடியாது, காது கேட்கும் என்றார்கள். ஐந்து நிமிடம் உள்ளே விட்டார்கள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் திண்டிவனத்திலிருந்து கிளம்பி வந்தேன். உன் விரலில் மாட்டியிருந்த கிளிப்பையும் திரையில் ஓடிய எண்ணையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இன்றைக்கும் பாசஞ்சர் லேட்டுடா என்று எதையோ உளறிவிட்டு வெளியே வந்துவிட்டேன். நாலு வருஷமாக அந்த ஐந்து நிமிடம் என்னை அரிக்கிறது. அதனால்தான் இந்த மடல். தோலை வெட்டியதுமே பார்த்தேன். குழந்தையை எடுக்கிறவரைக்கும் சொல்லவில்லை. இரண்டு நிமிடம் இருக்கும். என்னை மன்னித்துவிடு.

போன வாரம் என்னை வெட்டுவதற்கு முன்னால் அந்த டாக்டர் பிள்ளைகள் ஒரு அட்டையை வைத்துப் படித்தார்கள். தியேட்டரில் இருக்கிற ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சத்தமாகச் சொல்ல வேண்டுமாம். இப்படி ஒருவரோடு ஒருவர் பேசிவிட்டு ஆரம்பித்தால் விபரீதங்கள் குறைகின்றன என்று உலகம் பூராவும் ஆராய்ந்து பார்த்துவிட்டுத்தான் இந்த வழக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள். நீ அதை ஒரு டீ செலவில் கண்டுபிடித்தாய்.

துணித் திரைக்கு அந்தப் பக்கம் வேலை ஆரம்பித்துவிட்டது என்று சத்தத்தை வைத்தே தெரிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. தம்பி, ரத்தம் என்ன நிறம் என்று கேட்டேன். கிழவருக்கு மருந்து தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். பிறகு சர்ஜன் பையன் திரைக்கு மேல் எட்டிப் பார்த்து, "நல்ல செவப்பு சார்" என்றான்.

என் தலைமாட்டில் நின்ற பெண் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு எப்படித் தெரியும்? கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நானே சொன்னேன்: "கேட்டுச்சு."