கையில் கொடுத்த கத்தி

உன் மடக்குக் கத்திக்கு இன்று தேங்காய் எண்ணெய் போட்டேன். காசிமேட்டுக் காற்றுக்கு எந்த இரும்பும் தாங்காது. விரித்ததும் துருவும் எண்ணெயும் கலந்து ஒரு வாடை வந்தது. நீ வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது வீசுமே, அதே வாடை. நேரில் "யோவ்" என்றே கூப்பிட்டவளுக்கு எழுத்தில் மட்டும் என்ன மரியாதை? நீ என்றே எழுதுகிறேன்.

மணலிப் பக்கம் உன் கத்தரித் தோட்டத்தைத் தொழிற்சாலைக்கு எடுத்துக்கொண்டபோது நீ அங்கிருந்து கொண்டுவந்தது இந்தக் கத்தி ஒன்றைத்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்க எல்லோரும் கொக்கியோடு போனார்கள். நீ கொக்கியோடு இதையும் இடுப்பில் செருகிக்கொள்வாய்.

"அங்க இன்னாத்தய்யா அறுக்கப் போற?" என்று கிண்டல் செய்வேன்.

"இது இடுப்புல இருந்தா கயனிக்குப் போறாப்புல கீதும்மே" என்பாய். என் சிரிப்பு நின்றுவிடும்.

மாங்காய் நறுக்கக் கேட்டால் கையில் தரமாட்டாய். தரையில் வைப்பாய், நான் எடுத்துக்கொள்ள வேண்டும். கத்தி கைக்குக் கை மாறினால் சண்டை வருமாம். நாம் சண்டை போடாத நாள் ஏது! கந்தகக் கப்பலில் சரக்கு அள்ள நீ இறங்கிய பிறகு எல்லாச் சண்டையும் உன் இருமலைப் பற்றித்தான். "ஆஸ்பத்திரிக்கு வாய்யா" என்று பிடித்து உலுக்குவேன். "தூசு தாம்மே, போயிடும்" என்று வெளியே போய் இருமுவாய். துண்டில் ரத்தத்தைப் பார்த்த அன்று, தெருவே கூடும்படி கூச்சல் போட்டுத்தான் உன்னை ரிக்‌ஷாவில் ஏற்றினேன். இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே, தலையணைக்கு அடியிலிருந்து கத்தியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாய்.

"இன்னாய்யா, கைல குடுக்குற? சண்டை வரும்."

"வரட்டும். போட நான் இருந்தாத்தானே."

உன்னை மூலக்கொத்தளம் சுடுகாட்டில் விட்டு வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. இன்று மகள் மாங்காயோடு வந்து கத்திக்குக் கை நீட்டினாள். தரையில் வைத்தேன். "நீயுமாம்மா?" என்று சிரித்து எடுத்துக்கொண்டாள்.

நீ சொன்னது பொய்யய்யா. சண்டை ஓயவே இல்லை. அடுப்படியிலும் குழாயடியிலும் உன்னோடு போட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். முதல் இருமலிலேயே ஏன்யா என்னோடு வரவில்லை? "தூசு தாம்மே" என்றாவது ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்.