வெங்காயக் கொட்டிலில் பதிந்த ஆறு பாட்டு

உன் சத்தப் பெட்டிக்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது, மச்சான். கிற்றாரை அதில் மாட்டி நீ ஒரு திருகு திருகினால் கூரையில் இருக்கிற காகமெல்லாம் கடல் பக்கம் போய்விடுமே, அதே கறுப்புப் பெட்டிதான். முன்பக்கத் துணி கிழிந்த ஓட்டையால் தாய்ப்பூனை உள்ளே போயிருக்கிறது. மூன்று குட்டி. காலையில் கொட்டிலைக் கூட்டப் போன என் மனைவிதான் கூப்பிட்டுக் காட்டினாள்.

"பாருங்க, ஒங்கட கூட்டாளிட பெட்டியில இருந்து இப்பதான் ஒரு நல்ல சத்தம் வருது" என்றாள்.

நீ மௌத்தாகி, உன்னை அடக்கி, இது இரண்டாவது வெங்காயப் போகம். அவள் இன்னும் உன்னோடு சண்டை பிடித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். "வாப்பா, விஷயத்துக்கு வாங்க" என்று நடுவில் நச்சரிக்கிறாள். விஷயத்துக்கு நேரே போகிற ஆளா நான்? உனக்கு இந்தப் பைத்தியம் பிடித்த கதையைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

கற்பிட்டிக் களப்பில் பெரிய காற்றாடியைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கு மேல் பலகை ஓட வெள்ளைக்காரர்கள் வருவார்கள். அவர்களுக்கு நீ படகு ஓட்டினாய். அதில் ஒருவன், காற்று இல்லாத நாளில் எல்லாம் கரையில் குந்திக்கொண்டு உனக்குக் கிற்றார் காட்டித் தந்தான். போகும்போது அதை உன்னிடமே விட்டுவிட்டும் போனான். அந்த வருஷம் காற்று ஒழுங்காக அடித்திருந்தால் நீ கடைசிவரை படகோட்டியாகவே இருந்திருப்பாய்.

"இதுக்குப் பேர் பங்க், மச்சான்" என்றாய்.

"அப்பிடியெண்டா?"

"தெரிஞ்சிக்கிட்டுச் செய்றது மத்தப் பாட்டு. செஞ்சி செஞ்சி தெரிஞ்சிக்கிறது இது."

"அப்ப நான் கலியாணம் முடிச்சதும் பங்க்தான்" என்றேன். அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பில் குடித்த பிளேன்ரீ மூக்கால் வந்தது.

பிறகு மற்றவர்களின் பாட்டையும் பதிந்து கொடுக்கத் தொடங்கினாய். உடப்பிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் பொடியன்கள் வந்தார்கள். தமிழில் கத்துகிறவனும் சிங்களத்தில் கத்துகிறவனும் உன் தங்கையின் தையல் அறையில் ஒரே பாயில் இருந்து பாணும் சம்பலும் தின்றார்கள். அவர்களுடைய இசைத்தட்டுகளை வெளியிட ஒரு லேபலும் தொடங்கினாய். அதற்கு நீ வைத்த பேர் 'கழுதை'. ஏனென்று கேட்டதற்கு, "நம்மட ஊர்ல ஆருட சொல்லும் கேக்காம ரோட்டு நடுவுல நிக்கிறது அது மட்டும்தானே" என்றாய். தட்டின் உறையில் நீயே கரிக்கட்டியால் கீறிய கழுதை ஆடு மாதிரி இருந்தது. அதை மாற்றச் சொன்னால் கோபித்தாய்.

ஊரில் உள்ளவன் பாட்டெல்லாம் தட்டாகி வந்தது, உன்னுடையது மட்டும் வரவில்லை. "மத்தவங்கட முடியட்டும்" என்று தள்ளித் தள்ளியே போட்டாய். ஒருநாள் உன் ட்ரம்காரனுக்குக் கட்டார் விசா வந்துவிட்டது. பாடுகிறவனும் அவன், அடிக்கிறவனும் அவன். வேறு ஆளை வைப்போம் என்றால், "அவன்ட கை இல்லாம என்ட கை ஓடாது" என்று ஒரே பிடி. அப்படியே நாள் போய், அவன் பயணம் போகிற அன்றைக்குத்தான் உனக்குப் புத்தி வந்தது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வேன் வரும். அதற்குள் ஆறு பாட்டையும் பதிய வேண்டும். அன்றைக்கு விட்டால் பிறகு இல்லை.

தையல் அறையில் ட்ரம் அடித்தால் மெஷின் தானாக நடக்கிறது என்று உன் தங்கை துரத்திவிட்டாள். நீ என் கொட்டிலுக்கு வந்தாய். அறுவடை முடிந்து மூட்டைகள் நான்கு பக்கமும் கூரை முட்ட அடுக்கியிருந்தன. நடுவில் நின்று ஒரு கை தட்டினாய். சத்தம் எழும்பாமல் காலடியிலேயே விழுந்தது.

"கொழும்புல இதுக்குச் சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டுவாங்க, மச்சான். நம்மளுக்கு அல்லாஹ் வெங்காயம் தந்திரிக்கான்."

முதல் பாட்டிலேயே அதிர்ச்சியில் ஒரு மூட்டை விழுந்து பிரிந்து, வெங்காயமெல்லாம் காலில் மிதிபட்டது. எல்லோருக்கும் கண்ணால் தண்ணீர் ஓடியது. ட்ரம்காரன் கட்டாருக்காக அழுகிறானா வெங்காயத்துக்காக அழுகிறானா என்று யாருக்கும் தெரியவில்லை. அவனிடம் கேட்டால் அவனுக்கும் தெரியவில்லை.

ளுஹருக்கு நிறுத்தித் தொழுதுவிட்டு வந்தோம். வாசலில் லொறி நிற்கிறது. நாளைக்கு வர வேண்டிய லொறி. கப்பலில் வெளிநாட்டு வெங்காயம் இறங்குகிறதாம், நாளைக்கு விலை விழுந்துவிடுமாம், இன்றைக்கே ஏற்று என்று வெங்காயம் வாங்குகிற முதலாளி அனுப்பிவிட்டார். ஒரு பக்கம் என் ஒரு போகத்து உழைப்பு. மறுபக்கம் நீ. வெங்காயம் போனால் உன் சுவர் போகும்.

நீ என் முகத்தைப் பார்த்தாய். நாட்டாமிமாரிடம், மூட்டை தூக்க வந்தவர்களிடம், நீயே போய்ச் சொன்னாய். "ஏத்துங்க. பாட்டு நடக்கக்குள்ள மட்டும் ஆடாம நில்லுங்க."

அவர்களில் மூத்தவர் தலைப்பாகையைச் சொறிந்தார். "பாட்டு எப்ப நடக்குது, எப்ப நிக்கிதெண்டு எப்பிடித் தம்பி தெரியும்? எல்லாம் உடைக்கிற சத்தமாத்தானே இரிக்கி."

அதனால் நான் வாசலில் தோள் துவாயைக் கொடி மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றேன். துவாய் மேலே போனால் எல்லோரும் அப்படியே நிற்க வேண்டும். தோளில் மூட்டையோடு, ஒரு கால் பலகையிலும் ஒரு கால் மண்ணிலுமாக அந்த மனிதர்கள் நின்ற நிற்பை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. நல்ல காலம், உன் பாட்டு எதுவும் இரண்டு நிமிஷத்தைத் தாண்டாது.

மூன்றாம் பாட்டு முடிந்தபோது ஒரு சுவர் போயிருந்தது. ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டாய். உன் முகம் கறுத்தது.

"ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு வீட்டுல அடிச்ச மாதிரிக் கேக்குது."

"லொறிய நிப்பாட்டவா?" என்றேன். மனதாரத்தான் கேட்டேன்.

நீ மிச்ச மூட்டைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாய். பிறகு மெதுவாக, "வேணாம். பாட்டுட ஒழுங்க மாத்துவம்" என்றாய். "ஒடுக்கமான பாட்டெல்லாம் இப்ப அடிப்பம். கழுதைப் பாட்டு கடைசிக்கு. அதுக்கு வெறுங் கொட்டில்தான் வேணும்."

அதற்குப் பிறகு லொறி உனக்காக ஏற்றுகிறதா எனக்காக ஏற்றுகிறதா என்று தெரியாமல் போய்விட்டது. "இன்னம் பத்து மூட்டை எடுங்க நானாமாரே, சத்தம் காணாது" என்று நீயே அவர்களை விரட்டினாய்.

கடைசி மூட்டையும் போய்க் கொட்டில் வெறுமையாக நின்றபோது, ட்ரம்காரனின் உம்மா சூட்கேஸோடு வந்து வாசலில் நின்றார். வேன் வந்துவிட்டது.

"ஒண்டே ஒண்டு, சாச்சி" என்றாய்.

"பிளேன் ஒங்களுக்காக நிக்காது மகன்" என்றார். ஆனாலும் சூட்கேஸைக் கீழே வைத்தார்.

கழுதைப் பாட்டு. எம்பீயின் வாகனத்துக்கு வழி விடாமல் நடுரோட்டில் நின்ற கழுதையின் பாட்டு. வெறுங் கொட்டிலில் உன் கிற்றார் கடல் மாதிரி எழும்பியது. சும்மா நின்ற நாட்டாமிமார், "ஒதுங்க மாட்டேன், ஒதுங்க மாட்டேன்" என்ற இடத்தில் தாங்களாகவே சேர்ந்து கத்தினார்கள். கடைசி அடி விழுந்தது. அது கூரையில் சுற்றிச் சுற்றி அடங்கும் வரை யாரும் மூச்சு விடவில்லை. சரியாக அந்த நேரத்தில் உம்மா வாய் திறந்தார்.

"அடிச்சது போதும், வா மகன். வேன்காரன் ஹோர்ன் அடிக்கிறான்."

எல்லோரும் உறைந்துபோனோம். மைக் திறந்தபடி இருந்தது. இன்னொரு தரம் அடிக்க நேரமில்லை. ட்ரம்காரன் உம்மாவைப் பார்த்தான், உன்னைப் பார்த்தான். நீ சிரித்தாய். அடக்கப் பார்த்து முடியாமல், கிற்றாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாய். அவன் குச்சியைக் கையில் வைத்தபடியே வேனில் ஏறிப் போனான்.

தட்டு வந்தது. உம்மாவின் குரலையும் நீ வெட்டவில்லை. பாட்டுக்குப் பாட்டு சத்தம் விரிந்துகொண்டே போகிறதே, அது என்ன மெஷின் என்று எங்கெங்கோ இருந்தெல்லாம் கேட்டார்களாம். "வெங்காயம் வித்தோம்" என்று நீ பதில் போட்டாயாம். அவர்கள் அதை ஒரு மெஷின் என்றே நினைத்திருப்பார்கள்.

அந்தத் தட்டில் நீ ஒரு வரியும் பாடவில்லை. உன் கைதான் பேசுகிறது. உன் குரல் இருப்பது கடைசியில், அந்தச் சிரிப்பில் மட்டும். மகள் போனில் அதைப் போட்டுத் தந்திருக்கிறாள். "அந்தச் சிரிப்ப மட்டும் வெட்டித் தரவா வாப்பா?" என்றும் கேட்டாள். வேண்டாம் என்றேன். தோட்டத்துக்குப் போகும்போது முதல் பாட்டிலிருந்தே போடுகிறேன். மூட்டை ஒவ்வொன்றாகப் போகிறது, கொட்டில் பெரிதாகிக்கொண்டே வருகிறது, உம்மா கூப்பிடுகிறார், நீ சிரிக்கிறாய். வரம்பில் தனியே நின்று நானும் சத்தமாகச் சிரித்துவிடுகிறேன். பக்கத்துத் தோட்டத்தில் களை பிடுங்குகிறவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.