ஸ்டெல்லா அக்கா வீட்டு வெடிப்பு

அக்டோபர் 18, சனிக்கிழமை

சந்தவாசலில் ஸ்டெல்லா அக்கா விற்கும் வீட்டை வாங்கப் போனேன். ஏமாந்துவிடக் கூடாதென்று இன்ஜினியரையும் அழைத்துப் போனேன். உள்ளறைச் சுவரில் நீள வெடிப்பு. இடிந்து விழுமோ என்ற பயத்தில் அக்காவும் பிள்ளைகளும் வருஷக்கணக்காக அங்கே படுப்பதில்லை. விற்பதும் அதனால்தான்.

இன்ஜினியர் கொத்திப் பார்த்தார். "பூச்சுலதாங்க வெடிப்பு. செவுரு கல்லு மாதிரி இருக்குது."

"அப்ப புள்ளைங்கள இங்க படுக்க வெக்கலாமா?" என்று அக்கா கேட்டார்.

"தாராளமா."

அக்கா என்னிடம் திரும்பினார். "தப்பா நெனச்சிக்காதப்பா. நான் வூட்ட விக்கல."

கோபம் வந்தது. ஆளைக் கூட்டிப் போனதே நான்தானே. ஆனால் அக்கா கூடத்துக் கட்டிலை உள்ளறைக்குத் தனியாக இழுக்கத் தொடங்கியதும், மறுமுனையை நான் பிடித்தேன்.

வாடகை வீட்டுக்குத் திரும்பியதும் மனைவி கேட்டாள், "வூடு நல்லாக்கீதா?"

"நல்லாத்தான் கீது" என்றேன். மீதியை இன்னும் சொல்லவில்லை.