பிரேக்கில் கோளாறு இல்லை

மார்ச் 4

பிரேக் சரியில்லை என்று பஸ்ஸை மறுபடியும் ஒர்க்ஷாப்பில் விட்டேன். மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு, "பிரேக்குல ஒண்ணும் இல்லண்ணே. நீங்கதான் மிதிமிதின்னு மிதிக்கிறீங்க" என்றான். சிரித்து மழுப்பினேன்.

மார்ச் 5

வலது பாதம் மரத்துப்போகிறது. நாளெல்லாம் சீட்டில் உட்கார்ந்தால் யாருக்கும் வருவதுதானே? — யாரை ஏமாற்றுகிறேன்? பெடல் மேல் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

வெளியே சொன்னால் ஸ்டீயரிங்கைத் தொட விடமாட்டார்கள். அப்புறம் நான் யார்?

மார்ச் 9

சின்ன மகள் விட்டால்தானே. "உக்காந்தே கிடந்தா உடம்பு துருப்பிடிச்சிடும்ப்பா, வா" என்று தன் நடன வகுப்புக்கு இழுத்துப்போனாள். எனக்கும் ஆட்டத்துக்கும் ஏழாம் பொருத்தம். ஆளுக்கொரு இரும்பு நாற்காலி. ஸ்டெப்பு எதுவும் கிடையாதாம். "உக்காருங்க, சரியுங்க, எந்திரிங்க. உடம்பு எங்க இழுக்குதோ அங்க போங்க" என்றார் டீச்சர். என் உடம்பு வாசல் பக்கம்தான் இழுத்தது.

ஆனாலும் ஆடினேன். நாற்காலியை நெஞ்சோடு அணைத்துச் சுற்றினேன். இத்தனை வருஷம் சீட்டு என்னைச் சுமந்தது, இன்று நான் அதைச் சுமந்தேன். நன்றாகத்தான் இருந்தது.

கண்ணை மூடி உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் மகள் அலறினாள். "அப்பா! கால்!"

பக்கத்தில் ஆடிய தையல்காரர், கனத்த மனுஷர், தன் நாற்காலியை என் வலது பாதத்தின் மேல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பெருவிரல் நகம் பிளந்து ரத்தம். எனக்குத் தெரியவேயில்லை.

பஸ்ஸில் எத்தனை பேர்... பள்ளிக்கூடப் பிள்ளைங்க... ஐயோ, நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?

மார்ச் 10

பொட்டுத் தூக்கமில்லை. செருப்பு மாட்டும்போது மகள் என் காலையே பார்த்தாள். "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

டிப்போ மேனேஜரிடம் நானே சொன்னேன். சாவியை மேஜையில் வைத்தேன்.

மார்ச் 13

இடுப்பில் நரம்பு அழுந்தியிருக்கிறதாம். உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு.

ஏப்ரல் 2

இன்றும் கிள்ளிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

ஜூலை 20

டிப்போவில் பஸ் வரும் நேரம் குறிக்கிறேன். நின்றுகொண்டேதான். டாக்டர் சரி என்றதால் வகுப்பையும் விடவில்லை.

இன்று தையல்காரர் சுழன்று வந்து, அதே நாற்காலியால் அதே பெருவிரலை நசுக்கினார். "யோவ், கால்யா!" என்று கத்திவிட்டேன். பாவம், மனுஷர் கையெடுத்துக் கும்பிட்டார். மகள்தான் அழுதுகொண்டே சிரித்தாள்.

விண்விண்ணென்று தெறிக்கிறது. ஐஸ் வைக்கட்டுமா என்கிறாள். கொஞ்ச நேரம் வலிக்கட்டும் என்றேன்.