என் எண்ணிலிருந்து பேசுவது நானில்லை

சிலாசாப், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் நிங்ருமுக்கு ஸலாம். நான் நலம், மீன்பிடிக்கப் போன உன் அப்பாவும் நலம் என்றுதான் துறைமுகத்தில் சொல்கிறார்கள். நீ நலமா என்று நாலு நாளாக என் எண்ணிலிருந்து உன்னைக் கேட்டுக்கொண்டிருப்பது நானில்லை. முதலில் அதை மனதில் வாங்கிக்கொண்டு மேலே படி.

வெள்ளிக்கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. தெரியாத எண்தான். ஊரில் பாதிக் கல்யாணத்துக்குச் சமைக்கிறவள் நான், பத்திரிகையைப் பார்க்காமல் விட்டால் நாளைக்குப் பெண்ணைப் பெற்றவள் என் முகத்தில் விழிப்பாளா? தொட்டேன். பத்திரிகை திறக்கவில்லை, ஏதோ செயலியை ஏற்றட்டுமா என்றது, சரி என்றேன், குறுஞ்செய்திகளைப் படிக்கட்டுமா என்றது, அதற்கும் சரி என்றேன். பிறகு போனில் வைரஸ் என்று சிவப்பாக மின்னியதும் பதறிப்போய், அது காட்டிய பாதுகாப்புச் செயலியையும் ஏற்றினேன். திருடனைப் பிடிக்க வந்தவனும் அவன் கூட்டாளிதான். அரை மணி நேரத்தில் என் வாட்ஸ்அப் கைவிட்டுப் போய்விட்டது. அதே பத்திரிகை என் பெயரில் உனக்கும் வந்திருக்கும், தொடாதே.

போன் கடை ஹார்த்தோ தலையில் அடித்துக்கொண்டு சிம்மை முடக்க வைத்து, போனையும் மொத்தமாக அழித்துக் கொடுத்தார். உன் எண் மட்டும்தான் எனக்கு மனப்பாடம். சிம் உன் அப்பா பெயரில் இருக்கிறது, அவர் கரைக்கு வரும்வரை புதியது கிடைக்காது, வாட்ஸ்அப் மட்டும் அந்தத் திருடன் கையில் ஓடிக்கொண்டிருக்கிறது. "வெங்காயம் நறுக்க வந்தவ பீரோ சாவி கேட்டா குடுப்பீங்களாக்கா? போனைச் சுத்தம் பண்ற செயலிக்கு உங்க மெசேஜ் எதுக்கு?" என்றார். நீயாவது கேட்டுக்கொள், செயலி எதுவானாலும் போனிலேயே இருக்கும் செயலிக் கடையிலிருந்து மட்டும் எடு, பயமுறுத்திக்கொண்டு வருகிற எதையும் ஏற்றாதே, போனோடு வந்த பாதுகாப்பை அணைக்காதே. வாட்ஸ்அப்புக்கு இரண்டாவது பூட்டாக ஒரு ரகசிய எண் போடலாமாம், இன்றே போடு.

பக்கத்து வீட்டுக்கு விடுப்பில் வந்திருக்கும் சுதார்மியின் போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன், உனக்கு அவளைத் தெரியாது. தெரியாத எண்ணை எடுக்காதே என்று படித்துப் படித்துச் சொன்னவளே நான்தான், நீ எங்கே எடுப்பாய்? பதினோரு முறை அடித்துப் பார்த்துவிட்டு, நான்தான் அம்மா என்று எழுதி அனுப்பினேன். நீ என்ன பதில் போட்டாய், நினைவிருக்கிறதா? "எங்கம்மாகிட்ட இப்பதான் பேசிக்கிட்டு இருக்கேன், அவங்க பேரைச் சொல்லி என்னையே ஏமாத்தப் பாக்குறியா, போய்ப் பொழப்பைப் பாருடா." அத்தோடு அந்த எண்ணையும் தடுத்துவிட்டாய். படித்ததும் பெருமையாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் வந்தது. பெற்றவளைத் துரத்திவிட்டு யாரோடு பேசிக்கொண்டிருக்கிறாய் மகளே. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, உன் போனுக்கு வரும் ஆறு இலக்க ரகசிய எண்ணைச் சொல் என்று அந்தத் திருடன் கேட்பான். கொடுக்காதே. கொடுத்துவிட்டிருந்தால் உடனே வங்கிக்கு ஓடு, திட்ட மாட்டேன், நானே ஏமாந்தவள்தானே.

சுதார்மியும் உன்னைப் போலத் தைவானில்தான் வேலை பார்க்கிறாள், நாளை திரும்புகிறாள். உன் விடுதி வாசலில் நின்று இதை உன் கையில் கொடுப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறாள், நீ அவளையும் துரத்தாமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். என் கையெழுத்து போதாதென்றால் இதைக் கேள். நீ புறப்பட்ட அன்று பேருந்து நிலையத்தில், கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டாய், வெங்காயம் என்றேன், பஸ் ஸ்டாண்டில் ஏதும்மா வெங்காயம் என்று சிரித்தாய். நம் இருவரைத் தவிர இது யாருக்கும் தெரியாது. இனி என் பெயரைச் சொல்லி யார் வந்தாலும், என் குரலே கேட்டாலும், அன்று கண் ஏன் சிவந்தது என்று கேள். வெங்காயம் என்று சொல்லாமல் ஓவென்று அழுதால் தயங்காமல் போனை வைத்துவிடு.

அல்லாஹ் உன்னைக் கைவிட மாட்டான், வேளைக்குச் சாப்பிடு. ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. எது கிடைத்தாலும் உடனே படம் எடுத்து எனக்கு அனுப்புகிற பழக்கம் உனக்கு. இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து, கிடைச்சிடுச்சும்மா என்று என் எண்ணுக்கு அனுப்பிவிடாதே.

உன் அம்மா,
ருஸ்மியாத்தி